றாத்தலுக்குத் தோற்ற நெப்போலியன்

கல்முனையில் ஏதாவது ஒரு பேக்கரிக்குப் போய், "450 கிறாம் பாண் ஒண்டு தாங்க காக்கா" என்று கேட்டுப் பாருங்கள். காக்கா முதலில் உங்களைப் பார்ப்பார். அடுத்து, உங்களுக்குப் பின்னால் யாராவது போனில் வீடியோ எடுக்கிறார்களா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு உங்களுக்குப் பாண் கிடைக்காது. கதிரையும் பிளேன்டீயும் கிடைக்கும். பாண் நிறுக்க வந்த அதிகாரி என்று முடிவுகட்டிவிட்டார், வேறொன்றுமில்லை.

"ஒரு றாத்தல் பாண்" என்று கேளுங்கள். பேப்பரில் சுற்றி, மிச்சக் காசோடு கைக்கு வந்துவிடும்.

இத்தனைக்கும் றாத்தல் சட்டப்படி உயிரோடு இல்லாத ஆள். 1970களிலேயே நாட்டை கிலோவுக்கு மாறச் சொல்லியாயிற்று. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் என்று அளவைகளுக்கென்றே ஒரு சட்டமும், அதற்கொரு திணைக்களமும் வந்தாயிற்று. றாத்தலுக்குக் கத்தம் ஓதிச் சோறும் தின்றுவிட்டோம். விடிந்து பார்த்தால் மனுசன் பேக்கரி வாசலில் வரிசையில் நிற்கிறார்!

லேசுப்பட்ட ஆளா அவர்? பூர்வீகம் கிரேக்கம்; அங்கே பெயர் 'லித்ரா'. அரபு நாட்டுக்கு வந்து 'ரத்ல்' ஆனார். மரக்கலமேறி நம் பக்கம் வந்து றாத்தல் ஆனார். அதே லித்ராவின் இன்னொரு பிள்ளை ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கி, 'லீற்றர்' என்று மெட்ரிக் முறையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறது. பழசை ஒழிக்க வந்த கட்சியிலேயே றாத்தலின் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றால், அது ஒழியுமா?

ஆனால் றாத்தலுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஊருக்கு ஊர் ஆள் மாறும். பக்தாத் றாத்தல் சுமார் 130 திர்ஹம். டமஸ்கஸ் றாத்தல் 600 திர்ஹம். பெயர் ஒன்று, உடம்பு நாலரை மடங்கு. டமஸ்கஸில் றாத்தல் கணக்கில் பேரீச்சம்பழம் வாங்கி பக்தாதில் றாத்தல் கணக்கில் விற்றால் ஒரே பயணத்தில் கோடீஸ்வரர் ஆகலாம். விசயம் தெரியாதது வியாபாரிக்கல்ல, ஒட்டகத்துக்கு மட்டும்தான்.

அந்த 130 திர்ஹத்திலும் ஒரு வழக்கு இருந்தது. நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாம்களில் ராஃபிஈ, பக்தாத் றாத்தல் 130 திர்ஹம் என்றார். அவருக்குப் பின் வந்த நவவி, இல்லை, 128 திர்ஹமும் ஏழில் நாலு பங்கும் என்று திருத்தினார். வித்தியாசம் ஒன்றரைத் திர்ஹம்கூட இல்லை. இதற்கா இத்தனை பெரிய மனிதர்கள் கிதாபு எழுதினார்கள் என்று சின்ன வயதில் நான் சிரித்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. பெருநாள் பித்ராவுக்கு ஒரு ஸாஉ தானியம். ஒரு ஸாஉ என்பது ஐந்தே கால் சொச்சம் பக்தாத் றாத்தல். றாத்தல் குறைந்தால் ஏழையின் சட்டியில் குறையும். ஒன்றரைத் திர்ஹம்கூடத் தேறாததை விட்டுக்கொடுக்காத பரம்பரை நாங்கள். அந்தப் பரம்பரையில் வந்த நானே ஒரு கிலோ இறைச்சியில் கால் கிலோ எலும்பைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஸாஉ உண்மையில் கொள்ளளவு, பாத்திரக் கணக்கு. நம் கொத்து, சுண்டு, மரைக்கால் எல்லாம் அந்த ஜாதிதான். அதனால்தான் ஒவ்வொரு ரமழானிலும், "எத்தன கிலோ குடுக்கோணும்?" என்ற கேள்வி பிறையோடு சேர்ந்து பிறக்கிறது. ஒரே கொத்தில் சம்பாவைப் போட்டால் ஒரு கணக்கு, நாட்டரிசியைப் போட்டால் இன்னொரு கணக்கு. கொத்தைத் தலைதட்டினால் ஒன்று, கும்பலாக அளந்தால் வேறொன்று. கடனாக வாங்கும்போது கும்பலாக, திருப்பிக் கொடுக்கும்போது தலைதட்டி! பக்கத்து வீட்டு மாமிமாரின் இந்தக் கணிதத்துக்கு இன்னும் யாரும் நோபல் பரிசு கொடுக்கவில்லை.

இதே கூத்துதான் பிரான்சிலும். 18 ஆம் நூற்றாண்டில் அங்கே ஊருக்கொரு றாத்தல். அவர்கள் பாஷையில் 'லிவ்ர்'. குத்தகை நெல்லுக்கு, மன்னிக்கவும், குத்தகைக் கோதுமைக்குப் பிரபு வீட்டுப் பாத்திரம் வருசா வருசம் பருத்துக்கொண்டே போயிற்று. எங்கள் பக்கத்துப் போடியார்மார் பிரான்சுக்குப் போகவில்லை. ஆனாலும் இந்த வித்தையை எப்படியோ அறிந்திருந்தார்கள். 1789 இல் சனங்கள் பொறுமையிழந்து, ஒரே ராஜா, ஒரே சட்டம், ஒரே அளவு வேண்டும் என்று கேட்டார்கள். அரசாங்கம் எல்லாவற்றையும் பரிசீலித்து, ராஜாவை மட்டும் முதலில் கழித்துவிட்டது.

சரி, புது அளவு. எதை வைத்து? யாருடைய கல்லையும் நம்பக் கூடாது, இயற்கையை நம்புவோம் என்றார்கள். தண்ணீரை நிறுத்துப் பார்ப்போம்! அந்த வேலை லவோசியரிடம் வந்தது. நவீன இரசாயனவியலின் வாப்பா என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அவர்தான். ஆயுயி என்ற இன்னொருவரோடு சேர்ந்து, காய்ச்சி வடித்த தண்ணீரை உருகும் பனிக்கட்டியின் குளிரில் வைத்து, ஒரு லீற்றர் எத்தனை என்று மிக நுணுக்கமாக நிறுத்தார். அந்தக் காலத்து உலகத்தின் மிகச் சிறந்த தராசுகளில் சில அவரிடம் இருந்தன.

ஆனால் தராசு வாங்கக் காசு? அண்ணன் பகலில் வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்காளி. ராஜாவுக்காக உப்புக்கும் புகையிலைக்கும் வரி கறக்கிற கம்பெனி. புரட்சிக்காரர்கள் பிடித்து, 1794 மே 8 அன்று கில்லட்டினில் கழுத்தை வைத்தார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? புகையிலையில் தண்ணீர் தெளித்துப் பாரம் ஏற்றியது! தண்ணீரின் கனத்தை உலகத்துக்கே துல்லியமாகச் சொன்ன மனிதருக்கு இப்படியொரு வழக்கு. இதை எழுதும்போது சம்மாந்துறைப் பக்கம் நெல் வாங்கப் போகும் ஆட்கள் சிலர் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல் சபை வாங்காது. தனியார் வாங்குவார், ஆனால் ஈரத்தைக் காட்டிக் காட்டியே விலையைக் காயவைத்துவிடுவார்.

லவோசியர் போனாலும் தண்ணீர் இருந்தது. 1793 இல் அந்தப் புது அளவுக்கு வைத்த பெயர் 'கிராவ்'. இரண்டு வருசத்தில் அதைக் கைவிட்டு, 'கிறாம்' என்ற சின்ன அளவை அடிப்படையாக்கினார்கள். அதை ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீரோடு கட்டினார்கள். பிறகுதான் புத்தி வந்தது: ஒரு கிறாமில் ஒரு கல் செய்தால் தும்மினால் பறந்துவிடுமே! ஆயிரம் மடங்காக, பிளாட்டினத்தில், 1799 இல் ஒரு கட்டி வார்த்தார்கள். இப்படித்தான் இன்றுவரை சர்வதேச அடிப்படை அலகுகளில் 'கிலோ' என்ற தொப்பியோடு பிறந்த ஒரே பிள்ளை கிலோகிறாம். மீற்றருக்கும் செக்கனுக்கும் தொப்பி இல்லை. இதற்கு மட்டும் பிறக்கும்போதே தொப்பி.

கட்டி வார்ப்பதற்கு முன்பே, கிராவின் மாதிரி ஒன்றை அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். டோம்பே என்ற தாவரவியலாளர் 1794 இல் கப்பலேறினார். வழியில் கடற்கொள்ளையர் பிடித்து, மொன்செராத் தீவில் சிறைவைத்து, அங்கேயே மனுசன் மௌத்தாகிவிட்டார். அளவு போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் அமெரிக்கர்கள் றாத்தலில்தான் கோழி வாங்குகிறார்கள். கடற்கொள்ளையர் மட்டும் அன்று லீவு போட்டிருந்தால்!

வந்தார் நெப்போலியன். ஐரோப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர். ஒஸ்ட்ரியா பணிந்தது, பிரஷ்யா பணிந்தது. பாரிஸ் சந்தையில் கோவா விற்கும் மனுசி மட்டும் பணியவில்லை. "கிலோவா? அது என்ன? லிவ்ர் கணக்கில் வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணு." 1812 இல் சக்கரவர்த்தி கையைத் தூக்கிவிட்டார். சில்லறை வியாபாரத்தில் லிவ்ர் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அது 500 கிறாமாக இருக்கட்டும் என்று ஒரு டீல். 1840 முதல் அதையும் சட்டப்படி ஒழித்தார்கள். இன்றைக்கும் பிரெஞ்சுச் சந்தையில் ஒரு லிவ்ர் என்று கேட்டால் 500 கிறாம் போட்டுத் தருவார்கள். எங்கள் பேக்கரிக் காக்கா தனி ஆளில்லை. அவருக்குப் பின்னால் ஒரு சர்வதேச இயக்கமே இருக்கிறது.

இவ்வளவு நேரமும் 'நிறுத்தார்', 'கனம்', 'பாரம்' என்று நான் சமாளித்துக்கொண்டு வருவதைக் கவனித்திருப்பீர்கள். காரணமிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் விஞ்ஞான சேர் ஒரு நாள் என்னை எழுப்பினார்.

"உன்ட நிறை எவ்வளவு மகன்?"

"47 கிலோ சேர்."

"அது திணிவுடா. நான் கேட்டது நிறை."

திணிவு என்பது உன்னிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. நிறை என்பது அந்தச் சரக்கைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது. முதலாவதைக் கிலோகிறாமில் சொல். இரண்டாவதை நியூட்டனில் சொல். என்னுடைய நிறை 460 நியூட்டன்! ஒரு பெரிய ரகசியம் கையில் கிடைத்த மிதப்பில் பின்னேரம் உம்மாவோடு கிளினிக் போனேன். நேர்ஸ் தங்கச்சியைத் தராசில் கிடத்தி, "நிறை மூண்டு கிலோ இருநூறு" என்றார். "பிழை மிஸ், அது திணிவு" என்றேன். உம்மா என் காதைத் திருகிய விசை எத்தனை நியூட்டன் என்று இன்றுவரை நான் கணக்கிட்டதில்லை.

சாக்குக்காரர் பாஷையில் சொல்கிறேன். மூட்டைக்குள் கிடக்கும் அரிசி திணிவு. அதைத் தூக்கும் நாட்டாமையின் தோளில் அழுத்துவது நிறை. மூட்டையைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் தோளில் ஆறிலொரு பங்குதான் அழுத்தும். சோறு ஆக்கினால் அதே ஆட்களுக்குத்தான் காணும்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. உயர்தரம் படிக்கும்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த பௌதிகப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதைத் திறந்தால், 'நிறை' கிலோகிறாமில் இருக்கிறது! என் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அங்கே திணிவுக்குப் பெயர் நிறை. நிறைக்குப் பெயர் எடை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் முப்பது கிலோமீற்றர் கடல். அங்கே தோணி ஏறும் 'நிறை' சரக்காக ஏறி, இங்கே விசையாக இறங்குகிறது. இரண்டு கரையிலும் அறிஞர்கள் கூடிக் கலைச்சொல் அகராதி போட்டவர்கள்தான். ஒரு தரம் போன் போட்டுப் பேசியிருக்கக் கூடாதா?

அறிஞர்களை நான் குறை சொல்லவில்லை. உலக அறிஞர்களே இதில் தடுமாறியவர்கள்தான். கிலோகிறாம் என்றால் திணிவா நிறையா என்ற குழப்பத்தைத் தீர்க்க 1901 இல் பாரிசில் ஒரு மாநாடே கூடி, 'கிலோகிறாம் திணிவின் அலகு, நிறை என்பது விசை ஜாதி' என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. கட்டியை வார்த்து நூறு வருசத்துக்குப் பிறகுதான், தாங்கள் வார்த்தது என்ன என்று முடிவு செய்தார்கள்.

பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள கள்ளத்தனம். துருவத்தில் 9.832, பாரிசில் 9.809, மத்தியரேகைக்குப் பக்கத்திலிருக்கும் நம் கல்முனையில் 9.781. பூமி சுற்றுகிற வேகமும் நடுவில் அது கொஞ்சம் தொந்தி போட்டிருப்பதும் காரணம். பாரிசில் சரிபார்த்த சுருள்வில் தராசை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவந்து 50 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் சுமார் 140 கிறாம் குறைத்துக் காட்டும். யாரும் களவெடுக்கவில்லை, பூமி எடுத்துக்கொண்டது. உடம்பு குறைக்க ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனிக்க: நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான் விமானத்தை விட்டு இறங்கும்போதே நிறை குறைந்துவிட்டார். வட்டிலப்பம் வேலையைத் தொடங்குவது அதன் பிறகுதான்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் தராசுக்காரரல்ல, மணிக்கூட்டுக்காரர். 1672 இல் ஜான் ரிஷே என்பவரைச் செவ்வாய்க் கிரகம் பார்க்கவென்று பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் தீவுக்கு அனுப்பினார்கள். கல்முனையைப் போலவே மத்தியரேகைக்குப் பக்கத்து ஊர். கூடவே கொண்டுபோன ஊசல் மணிக்கூடு அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பாரிசில் சில பெரியவர்கள் மணிக்கூட்டை விட்டுவிட்டு ரிஷேயைச் சந்தேகித்தார்கள். ஆனால் இழுப்புக் குறைந்தால் ஊசல் சோம்பல்படும் என்பதுதான் உண்மை. அதே மணிக்கூடு கல்முனைக்கு வந்திருந்தாலும் பிந்தியிருக்கும். நாலு மணிக் கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்குவதற்கு இனிமேல் புவியீர்ப்பைக் காரணம் சொல்லலாம். ஆனால் பூமியின் பங்கு நாளுக்கு இரண்டரை நிமிடம்தான். மிச்சம் எண்பத்தேழரை நிமிடமும் நம் சொந்த உழைப்பு.

ரிஷேயின் சோம்பல் மணிக்கூட்டை நம்பியவர் ஐசக் நியூட்டன். சரக்கு வேறு, இழுப்பு வேறு என்று 1687 இல் புத்தகம் போட்டுத் தெளிவாகப் பிரித்தவரும் அவர்தான். இவ்வளவு பெரிய மூளைக்கு அரசாங்கம் என்ன வேலை கொடுத்தது? நாணயச்சாலையில் காசு நிறுக்கிற வேலை! அவரும் அதைச் சும்மா பெயருக்குச் செய்யாமல், கள்ளக்காசுக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தூக்குமேடைவரை அனுப்பினார். 1710 இல் அவருக்கே பரீட்சை வந்தது. உங்கள் தங்கக் காசு தரம் குறைவு என்று அதிகாரபூர்வ சோதனையில் சொல்லிவிட்டார்கள். நியூட்டன் கொதித்துப்போய், "என்ட தங்கம் சரி, நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த தட்டுத்தான் பிழை" என்ற தோரணையில் வாதாடினார். சோதனையில் பிடிபட்ட எந்தக் கடைக்காரரும் சொல்லும் அதே பதில்தான். ஒரே ஒரு வித்தியாசம், நியூட்டன் சொன்னது உண்மை.

அந்த நாணயச்சாலை பின்னொரு காலத்தில் அடித்த தங்கப் பவுண்தான் நம் கல்யாண வீடுகளை இன்றைக்கும் ஆட்டிவைக்கிறது. பிரிட்டிஷ் பவுண் 7.988 கிறாம். நாங்கள் கணக்குப் பார்க்கச் சிரமம் என்று அதை 8 கிறாம் ஆக்கிக்கொண்டோம். பிரிட்டிஷ் முடியைவிடக் கல்முனைப் பெண்ணைப் பெற்ற வாப்பா பவுணுக்கு 0.012 கிறாம் தாராளமானவர். மாப்பிள்ளை வீட்டார் இதை ஒருநாளும் நன்றியோடு நினைத்ததாகத் தெரியவில்லை.

நியூட்டனுக்கு ஐந்நூறு வருசத்துக்கு மேல் முந்திய ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். மர்வ் நகரத்து அல்காஸினீ. கிரேக்க அடிமைப் பையனாக வந்து, எஜமானரின் தயவில் படித்து விஞ்ஞானி ஆனவர். 1121 அளவில் 'ஞானத் தராசு' என்று தராசைப் பற்றி மட்டும் ஒரு பெரும் புத்தகம் எழுதி சுல்தான் ஸன்ஜரின் கஜானாவுக்குக் கொடுத்தார். தங்கத்தில் வெள்ளி கலந்திருந்தால் தண்ணீரில் தொங்கவிட்டுக் கண்டுபிடிக்கும் தராசு அது. உலகத்தின் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தைப் பொறுத்துப் பாரம் மாறும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவருடைய கணக்கு நியூட்டனுடையதல்ல. ஆனால் பாரம் ஒரு நிரந்தர உத்தியோகமல்ல என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. சுல்தான் 1000 தீனார் அனுப்பினாராம். என்னிடம் பத்துத் தீனார் இருக்கிறது, வருசத்துக்கு மூன்று போதும், வீட்டில் ஒரு பூனை மட்டும்தான் என்று திருப்பிவிட்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். தங்கத்தை நிறுக்கும் வித்தையில் அன்றைக்கு உலகத்திலேயே தேர்ந்த மனிதருக்குத் தங்கம் தேவைப்படவில்லை. பூனையின் கருத்து பதிவாகவில்லை.

தங்கம் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய தராசில் ஒரு தட்டில் அமர்வார். மறு தட்டில் தங்கம், வெள்ளி, பட்டு, தானியம். 1617 இல் இதைப் பார்த்த ஆங்கிலத் தூதர் தோமஸ் ரோவுக்கு ஒரு சந்தேகம்: எல்லாம் கட்டிய பையில் இருக்கிறதே, உள்ளே கூழாங்கல்லாக இருந்தால்? சக்கரவர்த்தியின் மரியாதைக்காக நான் ஒன்று சொல்கிறேன். உள்ளே கல்லே இருந்தாலும் அவருடைய திணிவு துல்லியமாகத்தான் அளக்கப்பட்டது.

விசயமே அதில்தான் இருக்கிறது. இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் கத்தரிக்காய், மறு பக்கம் படிக்கல். பூமி இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறது. பாரிசானாலும் கல்முனையானாலும் சந்திரனானாலும் இழுப்பு இரண்டு பக்கமும் கழிந்துவிடும். மிஞ்சுவது சரக்கு, அதாவது திணிவு. என் மூத்தாப்பா துருப்பிடித்த இரும்புப் படிக்கற்களோடு சந்தையில் மரக்கறி விற்றவர். எழுத்தறிவு குறைவு. நியூட்டன் என்றால் யாரோ வெள்ளைக்கார ஏஜென்ட் என்று நினைத்திருப்பார். அவர் வாழ்நாள் முழுக்க அளந்தது சுத்தமான திணிவு! பெயரை மட்டும்தான் நிறை என்று சொன்னார்.

இப்போது எல்லாக் கடையிலும் டிஜிட்டல் தராசு. பச்சை எழுத்தில் மூன்று தசமதானம் வரைக்கும் காட்டிப் பயமுறுத்துகிறது. உள்ளே இருப்பது ஒரு சின்ன உலோகத் துண்டு. பாரம் ஏறினால் அது வளையும். வளைவை அளந்து கிலோவாக மாற்றிக் காட்டுவார். அதாவது இவர் அளப்பது நிறை, சொல்வது திணிவு. இந்த ஊரின் இழுப்புக்கு இவரைப் பழக்காவிட்டால் சத்தமில்லாமல் பொய் சொல்வார். மூத்தாப்பா அளந்தது திணிவு, சொன்னது நிறை. பேரன் பிள்ளை காலத்தில் அது தலைகீழாகிவிட்டது. இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர். தராசுக்கு வருசா வருசம் முத்திரை குத்த வரும் உத்தியோகத்தர் வியாபாரியைச் சந்தேகித்து மட்டும் வருவதில்லை. பூமியின் மேலும் அவருக்கு ஒரு கண் இருக்கிறது.

பாரிஸ் கட்டியின் கதை பாக்கி. 1889 இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு புது உருளை பதவியேற்றது. உயரம் 39 மில்லிமீற்றர், விட்டமும் 39. பெயர் பெரிய கே. ஸேவ்ர் என்ற ஊரில் நிலவறைக்குள், கண்ணாடி மூடிக்குமேல் மூடி போட்டு, மூன்று வெவ்வேறு ஆட்களிடம் மூன்று திறப்பு. கொழும்புக்குக்கூட அனுப்பாமல் வளர்த்த ஒற்றைப் பெண்பிள்ளை மாதிரி. நூறு வருசத்தில் விரல்விட்டு எண்ணும் தடவைதான் வெளியே எடுத்தார்கள். உலகெங்கும் அதன் நகல்கள். இந்தியாவுக்குக் கிடைத்தது 57 ஆம் இலக்கம், புது டில்லியில் இருக்கிறது.

ஒரு நாள் எல்லா நகல்களையும் கூட்டிப் பெரிய கே-யோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சுமார் 50 மைக்ரோகிறாம் வித்தியாசம். நகல்களைவிடப் பெரியவர் மெலிந்திருந்தார். ஆனால் அவர் மெலிந்தார் என்று சொல்ல முடியாது! கிலோகிறாம் என்றால் அவர்தான் என்று எழுதிவைத்தாயிற்று. அவர் ஒருநாளும் குறையமாட்டார். ஆகவே சட்டப்படி, மற்ற எல்லாமும் கூடிவிட்டது. நகல்கள், அரிசி மூட்டை, நீங்கள், நான், கல்முனை, சூரியன், எல்லாமே கொஞ்சம் பருத்துவிட்டன. தான் பிழைவிடவே மாட்டேன் என்று ஊரையே பிழையாக்கிய போடியாரைப் பார்த்திருக்கிறேன். பிரபஞ்சத்தையே பிழையாக்கியவரை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் நாடுகள் கூடி வாக்களித்துப் பெரியவரை ஓய்வில் அனுப்பின. 2019 மே 20 முதல் கிலோகிறாம் எந்தக் கட்டியும் இல்லை. பிளாங்க் மாறிலி என்ற ஓர் எண்ணைக் கட்டிப்போட்டு அதிலிருந்து வருகிறது. அதைக் கொண்டு அளக்கும் ஒரு கருவிக்குப் பெயர் கிபிள் தராசு. ஒரு அறையளவு இயந்திரம், காந்தம், சுருள், லேசர். மறக்காமல் அது நிற்கும் அறையின் புவியீர்ப்பையும் தனியாக அளக்கிறார்கள். ரிஷேயின் மணிக்கூடு புகட்டிய பாடம்.

எங்கள் றாத்தலுக்கு இதில் என்ன கிடைத்தது? ஒரு றாத்தல் என்பது சரியாக 453.59237 கிறாம். 2024 இல் வந்த வர்த்தமானியின்படி ஒரு பாண் 450 கிறாம் இருக்க வேண்டும். 13.5 கிறாம்வரை குறைந்தால் மன்னிப்பு உண்டு. சில்லறையைச் சுருட்டியதில் றாத்தலுக்கு மூன்றரைக் கிறாம் சொச்சம் காணாமல் போயிருக்கிறது. நாளைக் காலையில் பாண் வாங்கப் போகும்போது காக்காவிடம் அதைக் கேட்காதீர்கள், அவரிடம் ஏற்கெனவே 13.5 இருக்கிறது. தராசில் வைத்துக் காட்டச் சொல்லி மட்டும் கேளுங்கள். பிளேன்டீ வந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.